கரண்ட் இல்லை... ஆனா ஷாக் அடிக்குது!

இந்த வாரம் ஒரு விடுகதை. வீட்ல கரண்ட் இல்லை. லைட் எரியலை, ஃபேன் சுத்தலை, டி.வி. செத்துக் கிடக்கு. ஆனா ஃபிரிட்ஜைத் தொட்டா ஷாக் அடிக்குது. எப்படி?

'இன்வெர்ட்டர் இருக்கும் பாஸ்'னு அவசரப்படாதீங்க. இன்வெர்ட்டர் கிடையாது. சோலார் கிடையாது. பேய், பிசாசும் கிடையாது. விடையை யோசிச்சுக்கிட்டே படிங்க. தெரியலைன்னாலும் வெட்கப்பட வேண்டாம். மூணாவது வருஷம் ட்ரிபிள் ஈ படிக்கிற எனக்கே தெரியலை!

சம்பவம் நடந்த இடம் திருவேங்கடம். உடனே லட்டு கேக்காதீங்க. அது வேற திருவேங்கடம். இது சங்கரன்கோவில் பக்கம், கரிசல் காடு. 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், அப்புறம் தென்காசி மாவட்டம். தென்காசின்னதும் குற்றால அருவி, சாரல்னு நினைச்சு வந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. சாரல் எல்லாம் மேற்கே. எங்க பக்கம் வெயில், தீப்பெட்டி ஆபீஸ், மறுபடியும் வெயில்.

அங்கே எங்க ஆச்சி தனியா இருக்காங்க. செமஸ்டர் லீவுக்குப் போயிருந்தேன். மத்தியானம் தூங்கிட்டு இருக்கும்போது ஃபேன் நின்னுடுச்சு. 'கரண்ட் போயிட்டு போல'னு ஆச்சி மோர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனாங்க. அடுத்த செகண்ட் ஒரு சத்தம். கையை உதறிக்கிட்டு நிக்கிறாங்க. ''ஏல... இது என்னமோ சுர்ருன்னு புடிச்சு இழுக்கு'' என்றார்கள். ஃபிரிட்ஜ் முன்னாடி ஒரு சாக்கு மிதியடி கிடக்கும். அன்னைக்கு அது காஞ்சு கிடந்தது. துடைச்ச ஈரத்தரையில வெறுங்காலோட நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்கு அன்னைக்கு ராத்திரிதான் உறைச்சுது. அப்புறம் தூக்கம் வரலை.

சரி, பேரன் இன்ஜினீயர் ஆச்சே! டெஸ்டரை எடுத்தேன். பிளக் பாயிண்ட்ல வலது பக்க ஓட்டையில வெச்சா எரியுது. சரி, பேஸ். இடது பக்கம் வெச்சேன். அதுவும் எரியுது! ஃபிரிட்ஜ் கதவுப் பிடியில வெச்சேன். ஐயோ, அங்கேயும் எரியுது! ''ஆச்சி, ரெண்டு பேஸ் வந்துருச்சு போல''னு பெரிய மனுஷத் தோரணையா சொன்னேன். பக்கத்து வீட்டுல லைட் பளிச்னு எரிஞ்சுக்கிட்டு இருந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துட்டு, ''காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?''னு கேட்டுட்டுப் போனாங்க. என் மானத்துக்கு எம்.சி.பி. இருந்திருந்தா அப்பவே ட்ரிப் ஆகியிருக்கும்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாம்னு முடிவு. இங்கேதான் நம்ம சப்ஜெக்ட்டே ஆரம்பிக்குது. சிட்டியில செல்போன்ல ஆப் திறந்து, ஸ்டார் பார்த்து ஆள் கூப்பிடுவாங்க. எங்க ஊர்ல எலக்ட்ரீசியனைப் பிடிக்கணும்னா எலக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சி, இல்லைன்னா டீக்கடை. அதுலயும் சீசன் பார்க்கணும். ஊர் எலக்ட்ரீசியன் வெறும் ஒயரிங் மட்டும் பண்றவர் இல்லை. தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்டுறவரும் அவர்தான், கல்யாண வீட்டுக்கு மைக் செட் போடுறவரும் அவர்தான், கோயில் கொடைக்கு சீரியல் செட் கட்டுறவரும் அவர்தான். பங்குனி, சித்திரை, ஆடி மாசங்கள்ல கொடை வந்துட்டா உங்க வீட்டு சுவிட்ச் போர்டு பத்து நாள் வாயைப் பொளந்துக்கிட்டு தொங்கும். அதை யாராலயும் தடுக்க முடியாது.

முதல்ல ஒருத்தர் வந்தார். மெயின் பாக்ஸைத் திறக்கவே இல்லை. ''ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர்ல லீக்கேஜ் தம்பி, கம்பெனிக்காரனைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் செருப்பு போட்டுத் திறக்கச் சொல்லுங்க''னு சொல்லிட்டு வண்டியைக் கிளப்பிட்டார். 'அப்போ லைட் ஏன் எரியலை?'னு நான் கேட்டது வண்டி சத்தத்துல அவருக்குக் கேக்கலை.

ரெண்டாவதா வந்தவர்தான் ஹீரோ. ஐம்பது வயசு இருக்கும். கையில டெஸ்டரோட ஒரு பெண்டன்ட் ஹோல்டர், அதுல ஒரு பல்பு, ரெண்டு ஒயர். நான் சொன்ன 'ரெண்டு பேஸ்' தியரியைப் பொறுமையா கேட்டார். சிரிக்கலை, அதுவே பெரிய விஷயம். ''தம்பி, எல்லா சுவிட்சையும் அமத்துங்க. ஃபிரிட்ஜ் பிளக்கைப் புடுங்குங்க'' என்றார். அமத்தினேன். ''இப்போ அதே ஓட்டையில டெஸ்டரை வைங்க.'' வெச்சேன். இடது பக்கம் எரியலை! ''ஒரே ஒரு லைட் சுவிட்ச் மட்டும் போடுங்க.'' போட்டேன். லைட் எரியலை. ஆனா இடது ஓட்டையில டெஸ்டர் பளிச்!

''நியூட்ரல் கட்டு தம்பி. அவ்வளவுதான்.''

நண்பர்களே, 'கிர்க்காஃப் விதி'ய ரெண்டு செமஸ்டரா எழுதிப் பாஸ் பண்ணவன் நான். அது என் கண்ணு முன்னாடி சுவர்ல தொங்குது, எனக்குத் தெரியலை. போன கரண்ட் திரும்பி வரணும். வர்ற பாதை நியூட்ரல். மெயின்ல அந்த ஸ்க்ரூ லூசாகி, சூடாகி, கருகி அறுந்து போச்சு. இப்போ பேஸ் பல்பு வரைக்கும் வருது, பல்புக்குள்ள நுழைஞ்சு மறுபக்கம் நியூட்ரல் ஒயருக்கும் வருது, ஆனா அங்கிருந்து போக இடமில்லை. அதனால பல்பு எரியாது. ஆனா வீட்டுக்குள்ள ஓடுற நியூட்ரல் ஒயர் முழுக்க 230 வோல்ட் ஏறி உட்கார்ந்திருக்கும்.

அது ஃபிரிட்ஜ் பாடிக்கு எப்படி வந்தது? அதுதான் விடுகதையோட ரெண்டாம் பாதி. ஃபிரிட்ஜ் பிளக் பாயிண்டைக் கழட்டிக் காட்டினார். மூணு பின் சாக்கெட். மேல இருக்கிற பெரிய ஓட்டை எர்த்துக்கு. ஆனா அந்த இடத்துக்கு எர்த் ஒயரே வரலை. என்ன செஞ்சிருக்காங்க தெரியுமா? நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் பின்னுல லூப் அடிச்சு விட்டிருக்காங்க! நியூட்ரல் நல்லா இருக்கிற வரைக்கும் எந்தப் பிரச்னையும் தெரியாது. டெஸ்டர்லயும் தெரியாது. வருஷக்கணக்கா நல்ல பிள்ளையா இருக்கும். நியூட்ரல் அறுந்த நிமிஷம், ஃபிரிட்ஜ் பாடியே பேஸ் ஆகிடும். அதுவும் எப்போ? 'கரண்ட் இல்லை'னு நம்பி எல்லாரும் பயமில்லாம தொடுற நேரத்துல.

இதை யார் செஞ்சதுன்னு ஆச்சிக்கு ஞாபகம் இல்லை. எனக்கு அவர் மேல கோபம் வந்தது. அப்புறம் வீட்டோட சரித்திரத்தைக் கேட்டதும் கொஞ்சம் குறைஞ்சது. தாத்தா வீடு கட்டினப்போ மரச்சட்டத்து மேல ஒயர் ஓட்டின காலம். மூணு பல்பு, ஒரு ஃபேன். அதுக்குத்தான் ஒயரிங். அப்புறம் கலைஞர் ஆட்சியில இலவச கலர் டி.வி. வந்தது. 2011-ல ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பிச்சாங்க. சித்தப்பா ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தார். சாமான் ஒவ்வொண்ணா வந்தது, ஒயர் மட்டும் தாத்தா காலத்து ஒயர். ஒவ்வொரு தடவையும் 'ஒரு பாயிண்ட் இழுத்து விடுப்பா'ன்னுதான் கூப்பிட்டிருக்காங்க. யாரும் முழு வீட்டையும் பாருன்னு சொல்லலை. வந்தவருக்கும் அந்த ஒரு பாயிண்டுக்குத்தான் கூலி. தமிழ்நாட்டுல பாதி வீடுகளோட கதை இதுதான்னு நினைக்கிறேன். உங்க ஊர் வீட்டுல ஒரு தடவை ஃபிரிட்ஜ் பிளக்குக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு ஆளை வெச்சுப் பாருங்க. நீங்களே கழட்டாதீங்க!

நீங்களே என்னென்ன செய்யலாம்? அதுக்கு ரூலே இருக்கு. மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதிமுறைப்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாத்துற மாதிரி சில்லறை வேலைகளை விட்டுட்டு, புது ஒயரிங், கூடுதல் பாயிண்ட், மாத்தல், ரிப்பேர் எல்லாமே உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் மூலமா, தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையிலதான் நடக்கணும். தமிழ்நாட்டுல அந்த உரிமத்தையும் சான்றையும் கொடுக்கிறது சென்னையில இருக்கிற மின் உரிமம் வழங்கும் வாரியம். இதுல நமக்கு ஒரு குட்டு இருக்கு. பி.இ. முடிச்சுட்டா மட்டும் நாம ஒயரிங் செய்யத் தகுதியானவங்க ஆகிட மாட்டோம். அதுக்கும் தனியா சான்று வாங்கணும்!

இன்னொரு பக்கம், ஐ.டி.ஐ. போகாம, சின்ன வயசுல இருந்து தொழில் கத்துக்கிட்டவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. 'மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு'ன்னு அரசு நடத்துது. ஒயரிங் தொழில்ல அஞ்சு வருஷம் செய்முறை அனுபவம், 21 வயசு நிரம்பியிருக்கணும். பேப்பர்ல எப்பவாவது சின்னதா அறிவிப்பு வரும், நாம சினிமா பக்கத்துக்குப் போற அவசரத்துல பார்த்திருக்க மாட்டோம். நம்ம ஹீரோ அதை எழுதிப் பாஸ் பண்ணினவர். லேமினேட் பண்ணின சான்றைப் பையில வெச்சிருக்கார். ''யாரும் கேட்டதில்ல தம்பி. நீங்கதான் மொதல்ல கேக்கீங்க'' என்றார். பிரைவேட் கம்பெனி வாட்ச்மேன் வேலைக்கு நாம பத்து சர்ட்டிஃபிகேட் கேக்குறோம். ஆச்சி உயிர் தொங்குற ஒயரைத் தொடுறவர்கிட்ட ஒண்ணும் கேக்குறதில்லை. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் குத்துது, ஏன்னா நான் கேட்டதும் ஆர்வத்துலதான், பொறுப்புல இல்லை.

சரி, பேச்சுவார்த்தைக்கு வருவோம். கூலி ரெண்டு விதம். ஒண்ணு பாயிண்ட் கணக்கு, இன்னொண்ணு நாள் கூலி. புதுசா ஒயரிங்னா பாயிண்ட் கணக்கு சரி. ஃபால்ட் தேடுற வேலைன்னா நாள் கூலிதான் நியாயம். இல்லைன்னா அவர் அவசர அவசரமா ஓடுவார். பாயிண்ட்னா என்ன என்னன்னு முதல்லயே பேசிக்கணும். ஒரு போர்டுல அஞ்சு சுவிட்ச் இருந்தா அது ஒரு பாயிண்ட்டா அஞ்சான்னு வேலை முடிஞ்சப்புறம் பஞ்சாயத்து வைக்கிறது எங்க தெருவுல வாராவாரம் நடக்குது. சாமான் லிஸ்ட்டை அவரே எழுதட்டும், கடைக்கு நீங்களும் கூடப் போங்க. கடையில எலக்ட்ரீசியனுக்கு ஒரு கமிஷன் போகும், அது ஊரறிஞ்ச ரகசியம். நான் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒயர் காயில்ல ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 'ஐ.எஸ். 694'ன்னு எழுத்தும் இருக்கான்னு பார்த்துட்டு, பில் வாங்கிடுங்க.

லிஸ்ட்டைப் பார்த்தா தலை சுத்தும். பழைய ஆளுங்க 'ஒண்ணு பதினெட்டு', 'மூணு இருபது', 'ஏழு இருபது'ன்னு எழுதுவாங்க. ஏதோ கிரிக்கெட் ஸ்கோர்னு நினைச்சேன். 'மூணு இருபது'ன்னா இருபதாம் நம்பர் கேஜ் கம்பி மூணு இழை. கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 2 சதுர மில்லிமீட்டர். இப்போ கடையில 1, 1.5, 2.5, 4ன்னு சதுர மில்லிமீட்டர்லதான் கிடைக்கும். லைட்டுக்கு 1 அல்லது 1.5, பவர் பிளக்குக்கு 2.5-க்குக் குறையாம போட்டார். 'எம்.சி.பி. அடிக்கடி விழுது, பெருசா ஒண்ணு போட்டு விடுங்க'ன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. 1.5 ஒயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டா, லோடு ஏறும்போது முதல்ல உருகுறது ஒயர்தான். பழைய ஃபியூஸ் கேரியர்ல ஒயரைப் பிரிச்சு நாலு இழை முறுக்கி வைக்கிறதும் இதே வீரம்தான்.

அடுத்தது எர்த். இதுல எங்களுக்குள்ள ஒரு சின்ன மேட்ச் நடந்தது. கரிசல் மண்ணு மழைக்கு நல்லா கரண்ட்டை உள்ள வாங்கும். கோடையில பாளம் பாளமா வெடிச்சு, பைப்பை விட்டு விலகி நிக்கும். அதனால பாத்திரம் கழுவுற தண்ணி போற இடமா பார்த்துக் குழி தோண்டினார். ஜி.ஐ. பைப், கரி, உப்பு. மூடினதும் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட்ஸ் பல்பைப் போட்டார். பளிச். ''பாத்தீங்களா, எர்த் சூப்பர்'' என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். 100 வாட்ஸ் பல்போட ரெசிஸ்டன்ஸ் சுமார் 529 ஓம். எர்த் மோசமா 100 ஓம் இருந்தாலும் பல்புக்குக் கிட்டத்தட்ட 190 வோல்ட் கிடைச்சுடும். கண்ணுக்கு நல்லாத்தான் எரியும். ஆனா பேஸ் ஒயர் ஃபிரிட்ஜ் பாடியைத் தொட்டா, அந்த 100 ஓம் எர்த் வழியா போறது 2.3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. 'எனக்கென்ன'ன்னு தூங்கும். ''அண்ணே, பல்பு எரியுறதை வெச்சு எர்த் நல்லாருக்குன்னு சொல்ல முடியாது'' என்றேன். காலரைத் தூக்கி விடலாம்னு கை போகுது... மனுஷன் பைக் பெட்டியில இருந்து 1,000 வாட்ஸ் ஹீட்டர் காயிலை எடுத்துட்டு வர்றார்! ''அதுக்குத்தான் அடுத்து இதைப் போட்டுப் பாக்கது. எர்த் மோசம்னா இது சூடாகாது. நீங்க கணக்குப் போடுதீங்க, நாங்க தொட்டுப் பாக்கோம்'' என்றார். கணக்கும் அதையேதான் சொல்லுது. 53 ஓம் ஹீட்டர், 100 ஓம் எர்த்துன்னா வெந்நீர் வைக்க விடிஞ்சுடும். (இந்த டெஸ்ட்டை வீட்ல செஞ்சு பார்க்காதீங்க. எர்த் மோசம்னா அந்த நேரத்துல எர்த் ஒயரே ஷாக் அடிக்கும். இதுக்குன்னு எர்த் மெகர்னு முறையான கருவியே இருக்கு.)

ஆனா கணக்குல ஒண்ணு நான் ஜெயிச்சேன். அவர் லிஸ்ட்ல ஆர்.சி.சி.பி. இல்லை. 'செலவு ஜாஸ்தி, ஆச்சி தாங்க மாட்டாங்க'ன்னு விட்டுட்டார். அதைச் சேர்த்தே ஆகணும்னு நின்னேன். பேஸ்ல போற கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்புற கரண்ட்டும் சமமா இருக்கான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் எங்கேயாவது வழி மாறிப் போனா, அதாவது ஒரு ஆள் உடம்பு வழியா போனா, கண்ணிமைக்கிற நேரத்துல விழுந்துடும். 100 வாட்ஸ் பல்பு இழுக்கிறது சுமார் 430 மில்லி ஆம்பியர். அதுல பத்துல ஒரு பங்கு நெஞ்சு வழியா போனாலே ஆள் பிழைக்கிறது கஷ்டம். எர்த் 100 ஓம் இருந்தாலும் இது வேலை செய்யும். ஆனா எம்.சி.பி.க்கு இது பதில் இல்லை, ரெண்டும் வேணும். கடை அண்ணாச்சிகள் இன்னும் 'ஈ.எல்.சி.பி.'ன்னுதான் சொல்றாங்க. தெரிஞ்சு கேளுங்க. அதுல 'டெஸ்ட்'னு ஒரு பட்டன் இருக்கும், அப்பப்போ அமுக்கிப் பார்க்கணும்.

குற்றாலம் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்ல இதே ஆர்.சி.சி.பி.யைப் போட்டுட்டு, சாரல் சீசன்ல 'சும்மா சும்மா விழுது'ன்னு கழட்டி வெச்சிருக்காங்க. சும்மா விழலை மாமா! ஈரச் சுவர்ல கரண்ட் கசியுதுன்னு அது கத்துது. நாய் குரைக்குதுன்னு நாயை விரட்டிட்டுத் திருடனோட தூங்குற கதை.

கருகின நியூட்ரல், நம்ம மெயின்லயே இருந்ததால அவர் சரி பண்ணினார். மீட்டர் வரைக்கும் உள்ளது மின்வாரியத்துக்குச் சொந்தம், சீலைத் தொடக்கூடாது. கம்பத்துல நியூட்ரல் அறுந்தா இன்னும் விபரீதம். தெருவுல பாதி வீட்டுக்கு வோல்ட்டேஜ் எகிறி டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் புகையும். லைட் திடீர்னு அதிகப் பிரகாசமா எரிஞ்சா மெயினை அமத்திட்டு மின்வாரியத்துக்குப் போன் போடுங்க. 2021-ல ஆரம்பிச்ச 'மின்னகம்' நம்பர் 94987 94987.

வேலை மூணு நாள் நடந்தது. சுவர்ல காடி வெட்டி பைப் பதிச்சதும், பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் செல்போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன். நாளைக்குக் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும். எம்.சி.பி. ஒவ்வொண்ணுலயும் 'அடுப்படி', 'பட்டாசால்', 'மோட்டார்'னு தமிழ்ல எழுதி ஒட்டினேன். மூணு நாள்ல நான் செஞ்ச உருப்படியான வேலைன்னு எல்லாரும் பாராட்டினது இதைத்தான்.

கிளம்பும்போது அண்ணன் கேட்டார், ''தம்பி, எத்தனை அரியர்?'' ''ஒண்ணுதான்ணே... மின் இயந்திரங்கள்.'' ''ஆடி கொடை முடிஞ்சதும் வாங்க. மோட்டார் காயில் கட்டச் சொல்லித் தாரேன்'' என்றார். போறதா இருக்கேன்.

ஆச்சி? புது ஒயர், புது எர்த், ஆர்.சி.சி.பி. எல்லாம் விளக்கிச் சொல்லியாச்சு. 'டெஸ்ட்' பட்டனை அமுக்கி டப்புன்னு விழுறதையும் காட்டியாச்சு. எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. மறுநாள் காலையில பார்க்கிறேன். முந்தானையை நாலா மடிச்சு, அதைக் கையில சுத்திக்கிட்டு, தள்ளி நின்னு ஃபிரிட்ஜைத் திறந்துக்கிட்டு இருக்காங்க.